ஒரே ஒரு ரிங்

குடவாசல் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்த செம்மொழி எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள். ஊரில் பாதிப் பேர் அவளை வெறும் ரீசார்ஜ் போடுகிற பெண் என்றே நினைத்தார்கள். அதில் அவளுக்குக் கோபம் உண்டு. யாராவது வந்து, "போன்ல நெட் வரலைம்மா" என்றால் மட்டும் முகம் மலர்ந்துவிடும்.

2009இல் ஒரு மத்தியானம் நஃபீசா வந்தாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்து அன்றுதான் வெளியே கால் வைத்திருந்தாள். அவள் போனில் மகளின் படம் இருந்தது. கணவன் அப்சர் சவூதியில். நம் நேரம் நாலு மணிக்குக் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கிளம்புகிறான். அப்புறம் மூன்று மாதம் போனும் இல்லை, மெயிலும் இல்லை. மகள் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. அதற்காகவே கம்பெனி கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தான்.

"கரண்ட் இல்லாம பிரௌசிங் சென்டர் பூட்டிக் கெடக்கு. போன்லயே அவங்க மெயிலுக்கு அனுப்ப முடியுமா செம்மொழி?"

"முடியும்க்கா. படத்தைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் விலாசமும் நம்பரும் போட்டு அனுப்பும். லைன்ல இடம் கெடச்சப்பல்லாம் ஒவ்வொண்ணா நுழைஞ்சு போயிரும். அங்க போனதும் நம்பர்படி சேந்துக்கும்."

"மூக்கு முன்னாடியே போயிட்டா?"

"கண்ணு வர்ற வரைக்கும் காத்திருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் படம் பாதியில் நின்றது. மறுபடி அனுப்பினாள், மறுபடியும் நின்றது. செம்மொழிக்கு வியர்த்தது. அவள் வயிற்றில் இருந்தபோது சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் அவள் அப்பா மருதையன். நாலு வருடம் கழித்து வந்து தூக்கியபோது, யாரோ திருடன் என்று அலறினாள். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லையாம். அப்சருக்கு அது நடக்கக் கூடாது.

மூன்றாவது தடவை அனுப்பும்போது நஃபீசா கையில் போன் அதிர்ந்தது. அவள் சிரித்துக்கொண்டே கட் செய்தாள்.

"யாருக்கா?"

"அவங்கதான், மிஸ்டு கால். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு குடுப்பாங்க. ஒன்னையத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்."

செம்மொழி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த நெனப்புதான் படத்தை மறிக்குது! இந்த போன்ல கால் வந்தா துண்டெல்லாம் அப்படியே நின்னுரும்."

மணி மூன்றே முக்கால். நஃபீசா அவனைக் கூப்பிட்டாள்.

"மச்சான், இனிமே எனக்கு ரிங் குடுக்காதீங்க."

கிளம்பும்முன் கடைசியாக ஒருமுறை பேசலாம் என்று அவன் ஆசைப்பட்டிருப்பான். அவளுக்கும் அதே ஆசைதான். விஷயத்தைச் சொன்னாள்.

"சரி நஃபீசா, புள்ளைய அனுப்பு."

"பாத்ததும் ஒரே ஒரு ரிங் குடுங்க, போதும்."

பேச ஆயிரம் இருந்தும் வைத்துவிட்டாள். போனை மேசையில் வைத்து, இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஐம்பத்திரண்டுக்குப் படம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

போன் ஒருமுறை அடித்து நின்றது. நஃபீசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுபடி அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது.

"கட் பண்ணாதீங்கக்கா," என்றாள் செம்மொழி. "அடிக்கட்டும்."

நாலு மணி வரைக்கும் அடித்தது.