டம்ளர் வரை போன வாழைத்தண்டுச் சாறு

என் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சிறுநீரே கொஞ்சம்தான் போகிறது. அவருக்கு எங்கே கல் வரப்போகிறது என்று இருந்துவிட்டேன். திடீரென்று இடுப்பில் பயங்கர வலி. ஸ்கேனில் சிறுநீரகக் கல் என்றார்கள். ஸ்ரீரங்கத்தில் கல் என்றால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாழைத்தண்டைச் சாறு பிழிந்து, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு, அவரைச் சேர்த்திருந்த புத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோன நேரம் டாக்டர் உள்ளே வந்தார்.

"அம்மா, அதைக் குடுக்காதீங்க. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. இவர் உடம்புல அது தங்கிடும். இதயமே நின்னு போயிடலாம்."

டம்ளரை வெடுக்கென்று இழுத்ததில் பாதிச் சாறு என் புடவையில் கொட்டியது. "அப்புறம் கல்லு எதனாலங்க வந்துச்சு?" என்றேன்.

"நான் எழுதிக்குடுக்காத மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?"

கணவர் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து வைட்டமின் சி மாத்திரை அட்டையை எடுத்தார். "சளி பிடிக்கக் கூடாதுன்னு தினமும் சப்புவேங்க."

"இது உடம்புல ஆக்சலேட்ங்கிற உப்பா மாறும். கல்லுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்," என்று டாக்டர் அதை வாங்கிக்கொண்டார்.

இப்போது யார் என்ன கைவைத்தியம் சொன்னாலும், "டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேங்க" என்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கல்லைக் கரைக்கப் போய் மனுஷரையே பறிகொடுக்க இருந்தவள் நான்.