வளைகாப்பும் இரும்பு ஊசியும்

கர்ப்பமாக இருந்தபோது எனக்குப் பிடித்த தீனி பச்சரிசி. ஊறவைத்ததோ வறுத்ததோ இல்லை, பானையிலிருந்து அப்படியே அள்ளியது. சின்ன வயதிலிருந்தே உண்டு. "அரிசியைத் தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்" என்று அம்மா பானையை ஒளித்துவைப்பாள். மழையும் கொட்டியது, பந்தலும் நனைந்தது, அதோடு அந்த மிரட்டலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய கரு என்பதால் விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவே என் மசக்கைக்குக் காவல் இருந்தது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் கிண்ணம் கிண்ணமாக அரிசி வந்தது. நானும் வஞ்சகமில்லாமல் மென்றேன்.

ரத்தம் சோதித்த பிறகுதான் தெரிந்தது, அது மசக்கையே இல்லை. உடம்பில் இரும்பு வற்றினால் இப்படி அரிசி, மண், சாம்பல் என்று தின்னத் தோன்றுமாம். ஹீமோகுளோபின் ஏழரை. "ஏழரையா? பேரே வெளங்கலையே" என்று அத்தை, அதாவது என் மாமியார், சனீஸ்வரனைத் திட்ட ஆரம்பித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"பிரசவத்துல எல்லாருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். அந்தக் கொஞ்சத்தைக்கூட இந்த உடம்பு தாங்காது. ஏறலைன்னா உயிருக்கே ஆபத்து" என்றார்.

எட்டாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை இரும்பு மாத்திரையைக் குமட்டலுக்குப் பயந்து டீயோடுதான் விழுங்கிவந்தேன். டீ அதை உடம்பில் சேரவிடாது என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. இனி மாத்திரைக்கு நேரமில்லை, நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், சலைன் பாட்டிலில் கலந்து என்று முடிவாயிற்று. எனக்குச் சாகப் பயமாக இருந்தது. அதை மறைத்துக்கொள்ள எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

என் அம்மாவுக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்டு. ஆகவே துணைக்கு அத்தைதான். முதல் நாள் பாட்டிலில் இறங்கிய மருந்து கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அத்தை அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி இது, இவ்வளவு கருப்பா ஏத்துதாவ? பிள்ளை கருப்பா வந்துறாம?"

"உங்க மவன் என்ன செவப்பா அத்தை? அவுகளுக்கு எந்த மருந்தை ஏத்துனாவ?"

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் பழைய சாவியைச் சப்பியதுபோல் வாயெல்லாம் ஒரு ருசி. கடைசியில் புறங்கையில் ஊசி லேசாக விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்துவிட்டது. அந்தத் தவிட்டு நிறக் கறை பல மாதம் போகவில்லை. அடுத்த தடவை முன்னங்கையில் நல்ல நரம்பாகப் பார்த்துப் போடுவதாக நர்ஸ் சொன்னார்.

இடையில் இருந்த ஒரே நாளில் வளைகாப்பு. ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள், அவருக்கு ஊசியைப் பற்றி என்ன தெரியும். அம்மா, சித்தி, தெருப்பெண்கள் எல்லோரும் கன்னத்தில் சந்தனம் பூசி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கண்ணாடி வளையலாக அடுக்கிவிட்டார்கள். அத்தை மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை. மாமா இறந்ததிலிருந்து இப்படித்தான், நல்ல காரியம் என்றால் அத்தைக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

"அத்தை, நீங்களும் வந்து ஒண்ணு போடுங்க" என்று கூப்பிட்டேன்.

"எனக்கு அங்கன புளியோதரை கெடக்கு."

புளியோதரையை எப்போதோ இறக்கியாயிற்று. அடுப்பில் வெறும் வெந்நீர்தான் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கூட்டத்தில் என்ன சொல்ல?

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, இடது கை வளையலைக் கழத்துங்க. எனக்கு இடம் வேணும்."

"வலி வரதுக்கு முந்தி கழத்தக் கூடாதும்மா" என்றார் அத்தை. "வேற எங்கனயாவது குத்து."

"புறங்கையில போன தடவையே கசிஞ்சுட்டு. முழங்கை மடிப்புல போட்டா, மடக்குனா நின்னுரும். நான் எங்கன குத்த?"

"அப்பம் இன்னைக்கு வேண்டாம். கோயில்ல கேட்டுட்டு வாரோம்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "நான் செத்துட்டா என்ன செய்வீய அத்தை? வளையலை வச்சா பிள்ளையை வளப்பீய?" என்று கத்திவிட்டேன்.

அத்தை முகம் சுண்டிப்போயிற்று. பையிலிருந்து சோப்பை எடுத்து, என் வீங்கிய கையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வளையல்களை ஒவ்வொன்றாகப் பைய உருவினார். ஒன்றுகூட உடையவில்லை. நர்ஸ் கட்டில்மேல் வைக்கச் சொன்னார்.

"கீழ வைக்கக் கூடாது. ஏதாவது ஒரு கையிலதான் கெடக்கணும்" என்றார் அத்தை.

அப்படி ஒரு சாங்கியத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அங்கேயே உண்டாக்கினாரோ என்னவோ. சொல்லிவிட்டு அவற்றைத் தன் கையில் போட்டுக்கொண்டார். ஒல்லிக் கை, சோப்புக்கு வேலை இல்லை. பச்சையும் சிவப்புமாக முழங்கை வரை ஏறிவிட்டது.

எதிர்க் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த அம்மாளுக்கு அத்தையை முன்பே தெரியும். "எம்மா, நீங்க வளையல் போடலாமா?" என்று கேட்டே விட்டாள்.

"சவத்த விடுளா. அந்தச் சொட்டு ஒழுங்கா விழுதான்னு பாரு" என்றார் அத்தை.

பாட்டில் முடிகிறவரை அத்தை என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கை அசையும்போதெல்லாம் வளையல் குலுங்கியது. யார் திரும்பிப் பார்த்தாலும் அவர் கண்டுகொள்ளவில்லை.

இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் முடிவைத்தான் கேட்பார்கள். மிச்ச ஊசியும் போட்டு முடித்தபின் ரத்தம் பத்தைத் தாண்டியது, உள்ளூரிலேயே சுகப்பிரசவம், பெண். நிறம் அவள் அப்பா மாதிரிதான். அரிசியைக் கண்டால் இப்போது எனக்குச் சோறு வடிக்க வேண்டும் என்பதைத் தவிர ஒன்றும் தோன்றுவதில்லை.

ஆனால் எனக்கு அந்த இரண்டாம் நாள்தான் பெரிது. நர்ஸ் ஊசியை உருவிப் பஞ்சை வைத்து ஒட்டிவிட்டுப் போனார். அத்தை தன் கையிலிருந்து ஒவ்வொரு வளையலாகக் கழற்றி, பஞ்சில் இடிக்காமல் என் கையில் ஏற்றத் தொடங்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இப்பம் எனக்கு வளையல் போடுதது யாரு அத்தை?" என்று கேட்டேன்.

"வாயை மூடிட்டுக் கையை நீட்டுட்டி" என்றார்.

நீட்டினேன்.