ஒலிபெருக்கியில் காலை ஜெபம்

காப்பர் கிரீக்கில் ஓர்ஃபா ஸ்டிட்ஹமின் குரலைக் கேட்காமல் வளர்ந்த ஒருவரை யாராவது காட்டினால், அவர் வெளியூர்க்காரர் என்று அடித்துச் சொல்லிவிடலாம். கென்டக்கி மலைக்குள் இருந்த அந்த நிலக்கரி ஊரின் பள்ளிக்கூடத்தில் அவள் கிளார்க். முதல் மணி அடித்ததும் மைக்கை விரலால் தட்டி, "எந்திரிங்க பிள்ளைங்களா" என்பாள். எல்லா வகுப்பிலும் நாற்காலிகள் தரையில் உரசும். அப்புறம் அவள் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் முழுக்க, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைச் சொல்லும். சமையல்கட்டில் சோள ரொட்டி வேகிற வாசனை அந்த நேரத்துக்குத்தான் வரும். பின்னாளில் எந்த வீட்டில் அந்த வாசனை வந்தாலும் ஓர்ஃபாவுக்கு உதடு தானாக அசையும்.

பள்ளிக்கூடத்தில் ஜெபம் கூடாது என்று பெரிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி வருஷக் கணக்காகியும் அது அந்த மலையேறி வந்து சேரவில்லை. தலைமையாசிரியர் ஹாஸ்கல், "வாஷிங்டன்காரன் இங்க வந்து மைக்கப் புடுங்கட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்பார். யார் வரப்போகிறார்கள், அந்தச் சாலையில்?

பிள்ளைகளை அடிக்க ஹாஸ்கலிடம் ஒரு பலகை இருந்தது. தச்சு வகுப்புப் பிள்ளைகளே இழைத்துக் கொடுத்தது. எந்தப் பிள்ளையின் முதுகுக்குக் கீழே விழப்போகிறதோ, அதே பிள்ளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கும்! முந்தின நாள் சேட்டைக்குக் கணக்குத் தீர்ப்பது, காலை ஜெபம் முடிந்த கையோடு, பக்கத்து அறையில். ஒருநாள் ஓர்ஃபா மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, 'பளார், பளார்' என்று பலகை விழுகிற சத்தமும் "ஐயோ சார், இனிமே மாட்டேன்" என்ற அலறலும் ஒவ்வொரு வகுப்புக்கும் போயின. பள்ளிக்கூடமே உருண்டு சிரித்தது. அலறியவன் ஓடெல். பிற்பாடு அதே ஊர்ச் சபைக்குப் போதகரானவன். "எனக்கு ரட்சிப்பு கெடச்சது ஒலிபெருக்கி வழியாத்தான்" என்று பிரசங்கத்தில் அவனே சொல்லிச் சிரிப்பான். சபை விருந்துகளில் ஓர்ஃபா அந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாளோ, கணக்கே கிடையாது.

கடைசியில் ஜில்லா அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஜெபம் நின்றது. ஓர்ஃபா வானிலையும் மதியச் சாப்பாடும் படித்தாள். பீன்ஸ், சோள ரொட்டி, மழை வரலாம். படித்து முடித்ததும் 'ஆமென்' என்று சொல்ல வாய் வரும். அந்த ஏக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்துத்தான் அந்தக் காரியம் நடந்தது. பக்கத்து வீட்டு நேவாவின் மகன் டேரல், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஒரு வாய்ச்சண்டையில், சட்டைப்பையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்துக் கூடப்படித்தவனைக் குத்திவிட்டான். குத்துப்பட்ட பையன் பிழைக்கவில்லை. நேவாவும் ஓர்ஃபாவும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுகிறவர்கள்.

அந்தப் பையனின் அடக்கம் முடிந்த வாரமே ஓடெல் வந்தான். "அக்கா, ஜெபத்த எடுத்தாங்க, கத்தி வந்துச்சு. ஜெபத்தத் திரும்பக் கொண்டாங்கன்னு பள்ளிக்கூட போர்டு கூட்டத்துல நீங்கதான் பேசணும். நீங்க பேசினா ஒருத்தன் எதுத்துப் பேச மாட்டான்."

"நான் என்னத்தடா பேசுவேன்?"

"அந்தக் காலத்தச் சொல்லுங்க. அது போதும்."

அவளுக்கும் அதில் சந்தேகமில்லை. மறுபடி ஒரு காலை, மறுபடி அந்த நாற்காலிச் சத்தம் என்று நினைக்கவே மனசு நிறைந்துவிட்டது.

கூட்டத்தன்று கூடம் வழிந்தது. ஓர்ஃபா மைக்கின் முன்னால் போய், பழக்க தோஷத்தில் விரலால் தட்டினாள். சிரிப்பு எழுந்தது. "அந்தப் பலகைக் கதைய எடுத்து விடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஓடெல் தன் பின்பக்கத்தைத் தடவிக்காட்டினான். அவளும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். ஆமென் வரைக்கும் வந்துவிட்டாள்.

அப்போதுதான் கடைசி வரிசையில் நேவா தெரிந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

ஓர்ஃபாவுக்குக் கதை நின்றுவிட்டது. ஆமெனுக்கும் முதல் அடிக்கும் நடுவே மூச்சு விடுகிற நேரம்கூட இருந்ததில்லை என்பது இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் உறைத்தது.

"எனக்கு அந்த ஜெபம் உசிரு" என்றாள். "திரும்பி வந்தா நான்தான் மொத ஆளாச் சந்தோஷப்படுவேன். ஆனா ஒண்ணு சொல்லணும். கத்திக்குத்து நடந்த அன்னைக்குக் காலைல ஆப்பிள் ஜாம் கொடுக்க நேவா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட உக்கார வச்சாங்க. மேசையச் சுத்திக் கை கோத்துக்கிட்டோம். டேரல்தான் ஜெபம் பண்ணினான். அவன் வலது கை என் கையிலதான் இருந்துச்சு. ஜெபம் இல்லாமப் போனதால அவன் குத்தினான்னு என் வாயால சொல்ல முடியாது."

ஓடெல் குனிந்து தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஓர்ஃபா நேராகக் கடைசி வரிசைக்கு நடந்து நேவாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உயிர்த் தோழிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நெஞ்சு விம்மியது. நேவா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வண்டிகள் நிற்கிற இடத்தில் ஓர்ஃபா அவளை எட்டிப் பிடித்தாள். "ஏண்டி, உனக்காகத்தானே சொன்னேன்? உன் பிள்ளைய ஜெபம் தெரியாதவன்னு பேச விடலாமா?"

"பேசட்டுமே" என்றாள் நேவா. அவள் அழவில்லை. "கோர்ட்டு கெடுத்துச்சு, பள்ளிக்கூடம் கெடுத்துச்சுன்னு அவங்க பேசினதக் கேட்டுக்கிட்டுத்தான் இத்தன நாள் ராத்திரி கண்ண மூடினேன். நான் வீட்ல எல்லாம் செஞ்சேன், வெளியிலதான் யாரோ விட்டுட்டாங்கன்னு இருந்தேன். நீ அதையும் எடுத்துட்ட. ஜெபம் பண்ணித்தான் போனான்னா, அப்புறம் எதுல கொற வச்சேன் நான்? நீதான் அன்னைக்கு அங்க இருந்தியே. சொல்லு."

ஊருக்கே தினமும் பேசிய ஓர்ஃபா, அன்றைக்கு டேரலின் கையைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். நேவா பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.