சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

அந்தக் குண்டான் இன்னும் எங்கள் அடுப்படி மேல்தட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே அடியில் படிந்த வெள்ளை உப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட நான் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். மாமா, அதாவது என் மாமனார், விட்டதே இல்லை. "கெடக்கட்டும் ஆத்தா, என் கண்ணுல படணும்" என்பார்.

சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. மகள் பிறந்த மூன்றாம் மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனது. பிள்ளைக்குப் பவுடர் பால் என்றானது. அத்தை அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கணவர் வாழைத்தார் ஏற்றிய லாரியோடு பாதி நாள் கேரளாவில். அதனால் தண்ணீர் காய்ச்சும் வேலையை மாமா எடுத்துக்கொண்டார். சும்மா கொதிக்கவைத்து இறக்குகிற ஆளா அவர்! குண்டான் நிறையக் கிணற்றுத் தண்ணீரை வைத்து, பாதியாகும் வரை அடுப்பை விட்டு நகரமாட்டார். "நல்லாச் சுண்டட்டும் ஆத்தா, பச்சப்புள்ள வகுறு தாங்கணும்ல?" எந்த மாமனார் மருமகளுக்காக அடுப்படியில் நிற்கிறார் என்று எனக்குப் பெருமை வேறு.

தோப்பிலும் அப்படித்தான். இலை கொஞ்சம் வெளுத்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. யூரியாவைக் கரைத்துச் சொட்டுநீர்க் குழாயில் விடுவார். மழை பெய்து ஓய்ந்தால் மறுபடியும் விடுவார். எங்களுடையது மணல் பாங்கான மண். வாழை குடித்தது போக மிச்சம் எங்கே இறங்குகிறது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் காலையில் பிள்ளை பாலுக்குச் சிணுங்கவே இல்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. நகமும் அப்படியே. பக்கத்து வீட்டுக் காரில் தேனி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். மாமா முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அழ வையி ஆத்தா, கிள்ளி விடு!" கிள்ளினேன். அழவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை.

ஊசியில் எடுத்த ரத்தம் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா உடனே கேட்டார்: "பால் எந்தத் தண்ணியில கலக்குறீங்க?"

"கெணத்துத் தண்ணிதான். ஆனா பாதியாச் சுண்டக் காய்ச்சித்தான் குடுக்குறோம்" என்றார் மாமா.

"கொதிச்சா கிருமி சாகும் ஐயா. தண்ணியில எறங்குன உரம் போகாது. சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும். நம்மள ஒண்ணும் செய்யாது, பச்சைக் குழந்தை ரத்தம் தாங்காது."

நர்ஸ் கொண்டுவந்த மருந்தோ பேனா மை போல நீலம். "ஏற்கெனவே நீலம் பாரிச்சுக் கெடக்கு, அதுல நீலத்தையே ஏத்துறாகளே!" என்று குறுக்கே பாய்ந்த மாமாவை நான்தான் இழுத்துப் பிடித்தேன். மருந்து ஏறியது. நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்ல, ஓரத்திலிருந்து சிவப்புத் திரும்பியது. பிறகு வீல் என்று ஓர் அலறல். என் வயிற்றில் பாலை வார்த்தாள்.

அதன்பின் பல மாதம் மாமாவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அநியாயம்தான், தெரிந்தா செய்தார்? ஆனாலும் வயிறு எரிந்தது. அவர் யூரியாவைப் பாதிக்கும் கீழே குறைத்தார், மழைக்காலத்தில் அடியோடு நிறுத்தினார். அடுப்படிக்குள் மட்டும் வருவதே இல்லை; நிலைப்படியில் நின்று மேல்தட்டுக் குண்டானைப் பார்த்துவிட்டுப் போவார்.

இன்று மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள். போன வாரம் கொழுந்தன் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். மாமா கிணற்றுத் தண்ணீரைப் பெரியகுளத்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்து வந்தார். "உரம் இன்னும் இருக்காம் ஆத்தா. அப்பப் போட்டதே இன்னும் எறங்கிக்கிட்டுத்தான் இருக்காம்" என்றார்.

மறுநாள் விவரம் தெரியாத அந்தப் பெண் மேல்தட்டிலிருந்து குண்டானை இறக்கி, கிணற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடித்து அடுப்பில் வைத்துவிட்டாள். மாமா அடுப்படிக்குள் ஓடிவந்தார். வெறுங்கையால் தூக்கித் தொட்டியில் கொட்டினார். குண்டானை மறுபடி மேல்தட்டில் கவிழ்த்தார். நான் வேறு பாத்திரத்தில் கேன் தண்ணீரை ஊற்றி வைத்தேன். அவர் போகாமல் அங்கேயே நின்றார். நானும் போகச் சொல்லவில்லை.

கொதி வந்தது. "போதும் ஆத்தா, சுண்ட விடாத" என்று அவரே அடுப்பை அணைத்தார்.