பூஜ்யத்தால் பெருக்கிய குரல்

பத்ரி எந்த சுவிட்சையும் ஒருமுறை போட்டதோடு விடமாட்டான். மின்விசிறியைப் போடுவான், இறக்கைகள் வேகம் பிடிப்பதற்குள் அணைப்பான், தலையை லேசாகச் சாய்த்தபடி ஒரு மூச்சு நிற்பான், மறுபடி போடுவான். அப்போதுதான் அது ஓடுகிறது என்று அவனுக்கு நம்பிக்கை வரும். கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, திரும்பப் போடுவான். வண்டியின் இண்டிகேட்டரும் அப்படித்தான். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இவன் திரும்பப் போகிறானா நேரே போகிறானா என்று தெரியாமல் பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்துவார்கள். இத்தனையும் கட்டைவிரலின் வேலை. கண்கள் வேறெங்கோ இருக்கும்.

“இருக்கு, இல்ல, இருக்கு. உனக்கு எதுதான்டா நிச்சயம்?” என்பாள் அக்கா ஸ்ரீவித்யா.

அக்காவுக்கு அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளியில் வேலை. கேள்வி கேட்டுப் பழகிய குரல். பத்ரி அதற்குள் அடுத்த சுவிட்சுக்குப் போயிருப்பான். பெருங்குடியில், சம்பளக் கணக்குப் போடும் மென்பொருளை விற்கிற கம்பெனியில், வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்பது அவன் வேலை. அது போக மிச்சமிருக்கும் நேரத்தில் ஏதாவது ஒன்று அவனைப் பிடித்து ஆட்டும். பிடித்த வேகத்திலேயே விட்டும் விடும். ஜெர்மன் மொழி, கடைக்காரரிடம் விலை கேட்கும் பாடத்தோடு நின்றது. கித்தார் பீரோவின் மேலே போனது. கியர் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் காற்றிறங்கிக் கிடந்தது. முப்பதைத் தொடப் போகிறவன் இதுவரை முழுசாக முடித்தது கல்லூரிப் படிப்பு ஒன்றைத்தான். அதுவும் தேர்வுத் தேதியை மற்றவர்கள் வைத்ததால்.

அந்தக் கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் ஜெரோம். இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், கார் உதிரிபாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறான். ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் ஒருவனைப் பற்றித் தானே பாட்டெழுதி மெட்டும் போட்டு வைத்திருந்தான். வேளச்சேரியில் சில இளைஞர்கள் நடத்தும் இசைத் தளம் ஒன்று வருடா வருடம் புதுப் பாடகர்களிடம் பாட்டு கேட்கும். ஒருவருக்கு ஒரு பாட்டு. தேர்வானவர்கள் மேடையில் நேரில் பாடலாம். போன வருடம் ஜெரோம் அனுப்பியதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: குரலில் கனம் இல்லை.

“வெயிட் இல்லியாம் மச்சான். நான் இன்னா தராசு மேலயா நின்னுகினு பாடுறேன்?” என்று சிரித்தான் ஜெரோம். சிரிப்பு சரியாக வரவில்லை. இந்த வருடமும் இல்லையென்றால் சர்ச்சோடு நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னான்.

“வெயிட்டை நான் போட்டுத் தரேன்” என்றான் பத்ரி.

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே பயமாகிவிட்டது. அந்த வாரம்தான் ஒலிக்கு நிரல் எழுதுவது பற்றி ஒரு வீடியோ பார்த்திருந்தான். அதுவும் முக்கால்வாசி.

“அதெல்லாம் ரெடிமேடா கெடைக்குமேடா.”

“அது ஊருக்கெல்லாம் தைச்ச சட்டை. உனக்குன்னு அளவெடுத்துப் பண்றேன்.”

அவன் செய்யப் புறப்பட்டதற்குப் பெயர் சாச்சுரேஷன். கணினிக்குப் பாட்டு என்பது எண்களின் வரிசை. குரல் ஓங்கும்போது எண்ணும் எகிறும். ஒரு எல்லைக்கு மேல் எகிறினால் அதன் தலையை வெட்டிவிடலாம். அப்போது காது கூசும். வெட்டாமல் வளைத்து உள்ளே அடக்கினால் குரலுக்கு ஒரு சதைப்பிடிப்பு வரும். ஜெரோமுக்கு அவன் விளக்கியது வேறு மாதிரி: “ஷேர் ஆட்டோ மச்சான். எடமில்லன்னு எறக்கி விடாம, எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்கி உக்காரச் சொல்றது.”

“அப்ப என் வாய்ஸு கசங்கித்தான் வரும்னு சொல்லு.”

முதல் நாளே ஒன்று உருவானது. அளவைக் கூட்டிக் குறைக்கத் திரையில் ஒரு வட்டக் குமிழ் வரைந்தான். அலையை வளைக்கும் சூத்திரத்தை ஒரு வரியில் எழுதினான். உருவான கோப்பை, பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் தேடுகிற ஃபோல்டரில் தன் கையாலேயே கொண்டுபோய்ப் போட்டான். ஜெரோமின் பாட்டை ஓட்டி, தான் செய்த அந்த எஃபெக்டைப் போட்டான், அணைத்தான், போட்டான். குரல் தடித்தது, மெலிந்தது, தடித்தது. கட்டைவிரலுக்கு நிச்சயம் கிடைத்தது. குமிழைச் சூத்திரத்தோடு இணைக்கும் வேலையை மறுநாள் செய்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் அவன் நிலைகொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய் ஒரு எண்ணைத் திருத்துவான். பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் வரைபடங்களைப் பார்த்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போவான். சூத்திரத்தை மாற்றினான், அலையின் மேல்பாதியை ஒரு விதமாகவும் கீழ்ப்பாதியை வேறு விதமாகவும் வளைத்தான், அடிக்குரலுக்குத் தனி வரி சேர்த்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜெரோமைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். குமிழைத் திருகித் திருகி இருவரும் தலையாட்டினார்கள்.

“இப்ப சூடா கீது.”

“இப்ப?”

“கொஞ்சம் கரகரங்குது. அந்தாண்ட திருப்பு. ஆங், வெண்ண மாதிரி.”

அக்கா கதவருகில் நின்று பார்ப்பாள். “இந்தப் பைத்தியம் எத்தன நாளைக்கு?”

“சனிக்கிழமை கடைசி நாள்க்கா. ஆறு மணிக்கு அனுப்பணும்.”

“அதான் கேக்கறேன். அதுக்குள்ள விட்டுடுவியா, அதுக்கப்புறமா?”

சனிக்கிழமை மதியம் ஜெரோம் வந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாட்டைக் கேட்டுவிட்டு, மொத்தத்தில் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதாகச் சொன்னான். வெளியே போகும் ஒவ்வொரு எண்ணையும் பூஜ்யம் புள்ளி எட்டால் பெருக்கினால் போதும். பத்ரி பூஜ்யத்தை அடித்தான். அதற்குள் அக்கா வடைத் தட்டோடு வந்து நின்றாள். தட்டை வாங்கி ஜெரோமிடம் தந்துவிட்டுத் திரும்பியவன், மிச்சத்தை அடித்துவிட்டதாக நினைத்து நிரலை உருவாக்கி, மென்பொருளை மூடித் திறந்து, பாட்டை ஓட்டினான்.

ஜெரோமின் குரல் பாடியது.

“இப்பதான் மச்சான் கரெக்டு” என்றான் ஜெரோம், வடையும் வாயுமாக. “நல்லா அடங்கிச்சு.”

பத்ரியின் கண் திரையில் இருந்தது. பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் வெறும் பூஜ்யம். எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் மௌனம்தான் வர வேண்டும். குரலோ முதல் சரணத்தைத் தாண்டி இரண்டாவதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மென்பொருள் தேடுகிற அந்த ஃபோல்டரைத் திறந்தான். முதல் நாள் கையால் கொண்டுபோய்ப் போட்ட அதே கோப்பு, முதல் நாள் தேதியோடு. அதற்குப் பிறகு உருவானவை எல்லாம் வேறொரு ஃபோல்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன. பாட்டுக்கு அவை போய்ச் சேரவே இல்லை. இத்தனை நாளும் திருகிய குமிழ் எதனோடும் இணையாத வெறும் படம்.

சொல்லாமல் விட்டுவிடலாம். ஜெரோமுக்குத்தான் பிடித்துவிட்டதே. பத்ரி எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

“இன்னாடா, பேதியா?”

“ஜெரோம், மொத நாளுக்கு அப்புறம் நான் பண்ணது எதுவுமே இதுல இல்லடா.”

நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஜெரோம் பாதி வடையைத் தட்டில் வைத்தான்.

“அப்ப வெண்ண மாதிரி கீதுன்னு நான் சொன்னது?”

“எனக்கும்தான் அப்படிக் கேட்டுச்சு.”

உண்மையான கடைசிக் கோப்பை, வெறும் பூஜ்யத்தைப் பூஜ்யம் புள்ளி எட்டாகத் திருத்தி, சரியான இடத்தில் போட்டு ஓட்டினான். ஆடி மாதத்தில் தெருமுனைக் கூம்பு ஸ்பீக்கர் தொண்டை கிழிய அலறுவது போல இருந்தது. காதில் விழாமலே சேர்த்த அத்தனை வரிகளும் ஒரே நேரத்தில் கத்தின.

“உள்ள யாரோ கூழ் ஊத்துறாங்கடா” என்றான் ஜெரோம். இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது மணி நான்காகியிருந்தது.

“பழசையே அனுப்பிடலாமா?” என்று கேட்டான் பத்ரி.

“நீ முடிக்கப் போறியா, இல்லியா? அத சொல்லு முதல்ல.”

பத்ரி சேர்த்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்தான். கடைசியில் முதல் நாளின் சூத்திரமும், அதோடு இப்போது உண்மையாகவே இணைந்த குமிழும் மட்டும் மிஞ்சின. தொடவே பயமாக இருந்தது. மயிரிழை நகர்ந்தாலும் குரல் நிஜமாகவே மாறியது. ஜெரோமைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுத் திருகினான். கூட்டினான், குறைத்தான், கூட்டினான். எஃபெக்ட் சத்தத்தை ஏற்றி ஏமாற்றாதபடி ஒவ்வொரு முறையும் அளவைச் சமன் செய்தான். மேல் ஸ்தாயியில் குரல் நூலாகும் இடத்தில் ஓர் இதம் சேர்ந்தது. அவ்வளவுதான். தெரிந்தும் தெரியாமலும்.

“நிறுத்து” என்றான் ஜெரோம் சுவரைப் பார்த்தபடியே. “கைய எடு.”

பத்ரி கையை எடுத்தான். இன்னும் ஒரு தடவை திருகிப் பார்க்கச் சொல்லி விரல் துடித்தது. எழுந்து இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றான்.

ஜெரோம் பாட்டைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு பால்கனிக்குப் போனான். முதுகு காட்டி நின்று ஏதோ தட்டினான். ஆறு அடிக்க இன்னும் நேரம் இருந்தது. “போச்சு மச்சான்” என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

ஒரு மாதம் கழித்துப் பெயர்கள் வெளியாயின. அவற்றில் ஜெரோமின் பெயர் இருந்தது. மேடையில் அவன் பாடியபோது பத்ரி கடைசி வரிசையில் நின்று கேட்டான். அலுவலகத்தில் தானாகவே போய் நாலு பேரிடம் சொன்னான். அவன் அப்படிச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. தன் எஃபெக்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றினான். அக்கா பள்ளியில் யாரிடமோ, “என் தம்பி செஞ்சு முடிச்சது” என்றாளாம்.

கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஜெரோமின் மனைவி ஜாஸ்மினைப் பார்த்தான். கையில் நட்சத்திர விளக்கு. நின்று பேசினார்கள். பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

“எங்க வூட்டு கிச்சன்ல வச்சு நான்தாண்ணா போன்ல ரெக்கார்ட் பண்ணேன். அத அப்படியே வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டாரு. நீங்க எங்க முடிக்கப் போறீங்கன்னு…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “அண்ணா, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“அப்ப சனிக்கிழமை அவன் அனுப்பினது?”

“அது எனக்கு வந்த மெசேஜுண்ணா. வர லேட்டாவும், பத்ரி முடிச்சிகினு கீறான்னு.”