பெட்டிக்குள் ஒட்டிய இரும்பு

போன மாதம் சரவணம்பட்டியில் ஓர் அரங்கத்துக்குள் நுழைந்ததுமே பசை வாசனை மூக்கில் ஏறியது. தரையில் புதுக் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான கூட்டம் அது. அலுவலகத்தில் போகச் சொன்னதால் போனேன். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்ற நப்பாசையும் உண்டு, மறைப்பானேன்? மேடையில் செந்தில் நின்றான். ஒரு காலத்தில் எனக்கு முதலாளி, இப்போது மற்றவர் கம்பெனிகளில் பணம் போடுகிற பெரிய மனிதன். அவன் பின்னால் திரையில் ஒரு அம்மாள் வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவங்க லைஃபையே நாங்க மாத்தினோம்,” என்றான். கூட்டம் கைதட்டியது. நான் எழுந்துகொண்டேன். சாப்பிடாமலே வெளியே வந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அந்தப் பசை வாசனை எனக்குப் பழையது. பீளமேட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் மாடியில்தான் எங்கள் கம்பெனி. நாலு பேர், ஒரு மேசை, கீழேயிருந்து ஓயாத லேத்துச் சத்தம். செல்போன் சிக்னல் எட்டாத தோப்புகளுக்காக ஒரு ஜோடிப் பெட்டி செய்தோம். ஒன்று வீட்டில், இன்னொன்று மோட்டார் ரூமில். இரண்டும் ரேடியோவில் பேசிக்கொள்ளும். வீட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். பொத்தானை அமுக்கினால் தோப்பில் மோட்டார் ஓடும். நான் செய்த உருப்படியான ஒரே சாமான் அதுதான்.

பணம் போட முதலில் வந்தவர் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றின் முதலாளி. நாங்கள் ராப்பகலாய்த் தயாரித்துத் திரையில் காட்டிய படங்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மோட்டார் ரூம் பெட்டியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பம்பு வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“ஏனுங்க, உள்ள ஒண்ணுமே இல்லாதாட்ட இருக்குதுங்களே?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, காபியை முழுதாகக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் படியிறங்கிய சத்தம் அடங்கவில்லை, செந்தில் என்னைக் கூப்பிட்டான். “டேய், உள்ள ஒரு இரும்புத் துண்டு வெச்சு ஒட்டு.”

“அண்ணா, ஆன்டெனா பக்கத்துல இரும்பு இருந்தா சிக்னல் போயிருமுங்க.”

“ஃபண்டு வரட்டும். அப்பறம் எடுத்துப்போடலாம்.”

கீழே போய் ஒரு துண்டு வாங்கிவந்தேன். இரண்டு டியூபுப் பசையைக் குழைத்து, இந்தக் கையால்தான் ஒட்டினேன். அடுத்த வாரம் ஃபவுண்டரி முதலாளி மறுபடியும் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “இப்பத்தானுங்க சாமானாட்ட இருக்குது.” பணம் வந்தது. நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஜிலேபி தின்றேன்.

செந்தில் சொன்ன அந்த ‘அப்பறம்’ வரவே இல்லை. பிறகு செய்த ஒவ்வொரு ஜோடியிலும் மோட்டார் ரூம் பெட்டிக்குள் இரும்பு போயிற்று. அடுத்து பெங்களூரிலிருந்து பெரிய ஃபண்டுக்காரர்கள் வந்தார்கள். வெயிலில் இறங்காத செருப்பும் வழவழப்பான சிரிப்புமாக, எத்தனை தோப்பில் பெட்டி மாட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். அது ஓடுகிறதா என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. அதில் பாதி என்மேலேயே விழ வேண்டும்.

திரையில் சிரித்த அம்மாள், பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கத்து மயிலாத்தாள் அக்கா. முழங்கால் தேய்ந்துபோய், பள்ளம் தாண்டித் தோப்புக்கு நடக்க முடியாதவர். மரங்களுக்குத் தண்ணீர் போக அவருக்கு இருந்த ஒரே வழி எங்கள் பெட்டிதான். மாட்டிய அன்று படம் எடுத்தோம். இரும்பையும் மீறிப் பத்து நாள் தட்டுத்தடுமாறி ஓடியது. பிறகு போன் வரத் தொடங்கியது.

“கண்ணு, பச்சை லைட்டு எரிய மாட்டேங்குது. எப்ப வாரே?”

“அடுத்த வாரம் வாரேனுங்க அக்கா.”

இரும்பைப் பெயர்த்தெடுத்தால் போதும், பத்து நிமிஷ வேலை. செந்தில் விடவில்லை. “ஒண்ணைத் தொறந்தா எல்லாத்தையும் தொறக்கோணும். விசயம் ஃபண்டுக்காரங்க காதுக்குப் போனா?” அவன் விடாவிட்டால் என்ன, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. பிறகு ஃபண்டுக்காரர்களுக்கு விவசாயம் அலுத்துப்போனது, கம்பெனியை மூடினார்கள். எனக்கு வேறு வேலை கிடைத்தது. அக்காவின் போனை எடுக்காமல் விட்டேன். அதுவும் நின்றது.

கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன்.

“வா கண்ணு, இளைச்சுப் போயிட்டயே,” என்றார் அக்கா. என் தொப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் மகன் தோப்புக்குக் கூட்டிப்போனார். பாதித் தென்னைகள் காய்ந்து, தலையில்லாமல் நின்றன. “அம்மாளால நடக்க முடியல, நான் திருப்பூர்ல வேலைல இருந்தேனுங்க. தண்ணி பாய்ச்ச ஆளில்ல,” என்றார். மோட்டார் ரூம் சுவரில் எங்கள் பெட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கச் சொல்லி அக்கா ஆள் அனுப்புவாராம். கீழே சிமெண்டுத் திட்டில் நாலு போல்ட்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் போன ஆடியில் மகன் அக்காவுக்குத் தெரியாமல் விற்றுவிட்டாராம். கரண்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

இருந்தாலும் பெட்டியைத் திறந்தேன். நான் ஒட்டியது அப்படியே இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். இத்தனை வருஷமும் வீட்டுப் பெட்டியின் பிளக்கை அவர் பிடுங்கவில்லை.

“பச்சை லைட்டு எரியுது கண்ணு! வாரேன்னு சொன்னா நீ வந்துருவேன்னு எனக்குத் தெரியும்.”

மகன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பெட்டியிடம் மெல்ல நகர்ந்து போய், பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒருதடவ அமுத்திப் பாக்கட்டுமா?”

“அமுத்துங்க அக்கா,” என்றேன்.