அ, ஆ, நடுவில் ஓர் ஓடை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் மறுபடி சூடு பிடித்திருந்த அந்த மார்கழியில், என் ஆராய்ச்சிக் குறிப்புகளிலிருந்து ஒரு பெண் காணாமல் போனார். காணாமல் போக்கியது நான்தான்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். கூடவே பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு. கல்வராயன் மலைக்கு ரோடு வருவதற்கு முன்னால் ஜனங்கள் எந்தெந்த ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கினார்கள், எதைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள் என்பதுதான் விஷயம். கையில் இருந்தது, நான் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். வேர்டில் தமிழை இருபது பக்கத்துக்கு மேல் அடித்தால் அது மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் வெறும் எழுத்தை மட்டும் ஏற்கும் ஓர் எடிட்டரில் வைத்திருந்தேன். தடித்த எழுத்து கிடையாது, படம் கிடையாது, பக்கம்கூடக் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கீழே போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டே ஃபைல்கள். ஒன்றில் நூல்கள். ஆசிரியர், ஆண்டு, பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குறி. இன்னொன்றில் மனிதர்கள். மலையில் என்னிடம் பேசியவர்களின் பெயரை எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆளுக்கு ஓர் எழுத்து. அவர் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சதுர அடைப்புக்குள் அந்த எழுத்து நிற்கும். [அ], [ஆ], [இ].

வகுப்பு முடிந்த பிறகு காலி வகுப்பறையில் உட்கார்ந்து அந்த இரண்டாவது ஃபைலைத் திறந்து சும்மா மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பேன். கடுக்காய் மூட்டை, புளி, தேன், கால் வழுக்கும் பாறை, வழியில் பிரசவித்த ஒருத்தி என்று வரிகள் நகர்ந்துகொண்டே போகும். மின்விசிறிச் சத்தம் காற்று இலைகளில் ஓடுகிற சத்தமாக மாறிவிடும். யாராவது வந்து கதவைத் தட்டினால்தான் கள்ளக்குறிச்சிக்குத் திரும்புவேன்.

அதில் அதிகம் பேசியவர்கள் [அ], [ஆ] என்று நான் குறித்திருந்த இரண்டு பெண்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளிமலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சரிவில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள். மேல்வீட்டு அம்மா பிறந்தது கீழ்வீட்டில். கீழ்வீட்டு அம்மா பிறந்தது மேல்வீட்டில். ஒருவருக்கொருவர் நாத்தனார். போனில் பேச்சைப் பதிவு செய்ய இருவருமே ஒப்பவில்லை. அவர்கள் பேசப் பேச மடியில் லேப்டாப்பை வைத்து நேராக அடித்தேன். ஒலிப்பதிவோ கையெழுத்துக் குறிப்போ கிடையாது.

என் நெறியாளர் ஒழுங்கு பார்ப்பவர். "முதல்ல பேட்டி கொடுத்தவங்க முதல்ல வரணும்மா. அ-வை ஆ ஆக்கிடு, ஆ-வை அ ஆக்கிடு. ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. [அ] என்று இருந்ததையெல்லாம் [ஆ] என்று மாற்றச் சொன்னேன். மாற்றியது. அப்புறம் [ஆ] என்று இருந்ததையெல்லாம் [அ] என்று மாற்றச் சொன்னேன். அதையும் மாற்றியது. சேமித்தேன். பென்டிரைவிலும் பழையதன் மேல் இதையே போட்டேன். நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஓர் இயலில் கீழ்வீட்டு அம்மாவின் வரி தேவைப்பட்டது. [ஆ] என்று தேடினேன். அப்படி எதுவும் இல்லை என்றது. மறுபடி தேடினேன். முதல் மாற்றத்திலேயே இருவரும் ஆ ஆகியிருக்கிறார்கள். இரண்டாவது மாற்றத்தில் இருவரும் அ ஆகிவிட்டார்கள். நானூறு வரிக்கு மேல். இரண்டு வாழ்க்கையும் ஒரே ஆள் பேசியதாக நின்றது. தொலைந்துபோன நூலை வேறொரு நூலகத்தில் தேடலாம். இதை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணையின் மேல் பனி படுத்திருந்தது. வளைவுகளில் கண்ணை மூடினால் கறுப்புத் திரை, திறந்தால் வெள்ளைப் பனி. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிமலையில் இறங்கி நடந்து, மேல்வீட்டு வாசலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தாமலே கேட்டார்.

"அப்ப நானும் அவளும் ஒண்ணாயிட்டமா டீச்சரு?"

"ஆமாம்மா. எது நீங்க சொன்னது, எது அவங்க சொன்னதுன்னு தெரியல."

"அதுக்கு இன்னா இப்ப. அவள வரச் சொல்றேன். படி, நாங்க சொல்றோம்."

மதியத்துக்குள் வேறொரு சேதி வந்தது. கீழே ரோட்டில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள், மலைக்கு இனி வண்டி ஏறாது என்றார்கள். போன் எடுக்கும் ஒரே பாறையில் ஏறி நின்று வடக்கனந்தலில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டேன். பின்னணியில் கோஷம் கேட்டது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"ரோட்டுலதான் உக்காந்துகினு இருக்கேன்."

"நீங்கதான் என் பஸ்ஸ நிறுத்தினதா?"

"உனக்கு வேலை நெரந்தரமாவணும்னுதான உக்காந்துகினு இருக்கேன். ரெண்டு மூணு நாளு அங்கியே இரு. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லயே?"

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் இறங்கி வந்தேன். மேல்வீட்டு அம்மா கேட்டார், "கீழ இன்னாத்துக்கு மறிக்கிறாங்க?"

"படிப்புலயும் வேலையிலயும் இடம் கேக்கறாங்கம்மா."

"இடம்னா? நெலமா?"

"நெலம் இல்ல. உக்கார்ற இடம் மாதிரி."

"அதான் ரோட்டுல உக்காந்துட்டாங்களா" என்றார், கேலியே இல்லாமல்.

கீழ்வீட்டு அம்மா வலது காலைச் சற்று இழுத்தபடி சரிவில் ஏறி வந்தார். அப்படியே மூன்று நாள் போனது. காலையில் பனி விலகியதும் வாசலில் உட்காருவோம். நான் ஒரு வரி படிப்பேன். "அது என்து" என்று ஒருவர் சொல்வார். நான் எழுத்தைத் திருத்துவேன். அடுத்த வரி. வெயில் ஏறும், மேகம் ஒன்று வந்து எங்களையும் புடைத்த சாமையையும் மூடும், எதிரில் இருப்பவர் குரலாக மட்டும் ஆவார். "என்து" என்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து கேட்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான் திரும்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

சில வரிகளை இருவருமே வேண்டாம் என்றார்கள். "இப்பிடி நான் பேசவே மாட்டேன், இது நீ எழுதினது" என்று கீழ்வீட்டு அம்மா ஒரு வரியை என்னிடமே தள்ளிவிட்டார். பார்த்தால் உண்மைதான். அதில் ஒரு புத்தக வாசனை. அழித்தேன். அது நான் மிகவும் விரும்பி இரண்டு இடங்களில் மேற்கோள் காட்டியிருந்த வரி.

இரண்டாம் நாள் மதியம் அந்த வரி வந்தது. முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் தனியாக இருந்தது. படித்தேன்: "ஓடையில நான்தான் கைய வுட்டுட்டேன்."

"என்து" என்றார் மேல்வீட்டு அம்மா.

"என்து" என்றார் கீழ்வீட்டு அம்மா.

ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் விரலை எழுத்துப் பலகையில் வைத்தபடி காத்திருந்தேன்.

கதையின் பாதிதான் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இருவரும் சந்தைக்கு இறங்கிவிட்டுத் திரும்பும்போது, மேலே பெய்த மழையில் ஓடை பெருகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். கீழ்வீட்டு அம்மாவைத் தண்ணீர் இழுத்துப் போய் ஒரு பாறையில் அறைந்தது. கால் அன்று போனதுதான்.

மேல்வீட்டு அம்மா முதலில் வாயைத் திறந்தார். என்னிடம் சொல்வதுபோல நாத்தனாரிடம் சொன்னார். "எனக்கு பயமாயிருச்சு டீச்சரு. நானும் போயிருவேன்னு தோணுச்சு. கைய வுட்டுட்டேன். இத்தினி வருசமா அவ நடக்கறதப் பாக்கறப்பல்லாம் அதான் நெனப்பு."

கீழ்வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாடி சொல்ற? நீ எங்க வுட்ட? நான்ல வுட்டேன்."

"பொய் சொல்லாத."

"உன் வயித்துல அப்ப மூணு மாசம். நீயும் வந்தா ரெண்டு உசுரு போவும். நான்தான் ஒதறினேன். நீ இறுக்கித்தான் புடிச்சிருந்த. என் வளையலு ஒடஞ்சி உன் கையிலதான இருந்துது?"

மேல்வீட்டு அம்மா தன் வலது கையை விரித்து உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார். வளையல் துண்டு கிழித்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அந்தத் தழும்பை ஓடைப் பாறை கீறியது என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தாராம். "இத ஏண்டி நீ ஒரு நாளும் சொல்லல?" என்றார்.

"நீ கேக்கவேயில்ல. நீ எங்கூட அதப் பத்திப் பேசறதே இல்லயே. உனக்கு மறந்துருச்சின்னு இருந்தேன்."

மேகம் வந்தது. அந்த நேரத்துக்கு அது வந்தது நல்லதாகத் தோன்றியது. மேகத்துக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சற்று நேரம் கழித்து மேல்வீட்டு அம்மா எழுந்து போய் மூன்று டம்ளரில் வரக்காப்பி கொண்டு வந்தார். கீழ்வீட்டு அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "வெல்லம் ஜாஸ்தி" என்றார். "குடி" என்றார் இவர்.

"இந்த வரிக்கு யார் எழுத்த போடட்டும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேத்துதும் போடு" என்றார் கீழ்வீட்டு அம்மா. [அஆ] என்று அடித்தேன். அடைப்புக்குள் இரண்டு எழுத்து இருப்பதைத் திரையில் காட்டச் சொன்னார்கள். இருவருக்கும் படிக்கத் தெரியாது. இருந்தும் குனிந்து பார்த்தார்கள்.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் பதினேழு வரிகளைத் தவிர எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்கள். அந்தப் பதினேழுக்கும் கேள்விக்குறி போட்டு ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். நான்காம் நாள் பஸ் ஓடியது. வீட்டில் அப்பா தொண்டை கட்டிப்போய்ப் படுத்திருந்தார். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

நெறியாளர் [அஆ]-வைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு முறையே கிடையாதும்மா" என்றார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் தவற்றையும் சேர்த்துத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான்தான மாத்தச் சொன்னேன்" என்றார் கடைசியில். "அடிக்குறிப்புல எல்லாத்தையும் எழுதிடு. தப்பு நடந்ததையும் எழுது."

எழுதினேன். ஆய்விலேயே நீளமான அடிக்குறிப்பு அது, ஒன்றரைப் பக்கம். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வேறு எதையும் அவ்வளவாகக் கேட்கவில்லை. அந்த அடிக்குறிப்பில் விரலை வைத்து, அந்த ஓடைக்குப் பெயர் உண்டா, இப்போதும் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். ஆடியில் ஆரம்பித்து மார்கழி வரை வரும் என்றேன். பெயரைச் சொன்னேன். அவர் அதை மெதுவாகத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.